ஒரே நாடகம், இரண்டு இருக்கை அமைப்பு: பல்கலைக்கழக அரங்கில் தயாரிப்பையும் ஆய்வையும் சேர்த்துத் திட்டமிடுவது எப்படி?

அரங்காய்வு_மாணவி (கேள்வி)

வணக்கம். முதுகலை இறுதியாண்டுத் தயாரிப்பு ஒன்றைத் திட்டமிடுகிறேன். அதுவே ஆய்வேட்டுக்கான தரவாகவும் இருக்க வேண்டும்.

நாடகம் 55 நிமிடம், நடிகர்கள் ஆறு பேர், ஒத்திகைக்கு 9 வாரம். அரங்கு கருப்புப் பெட்டி வகை (நிலையான மேடை இல்லாத, இருக்கைகளை இடம் மாற்றி அமைக்கக்கூடிய கருப்பு அறை): தரை 12 மீ. × 9 மீ., விளக்குக் குழாய்கள் 4.8 மீ. உயரத்தில். டிம்மர் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 24 சேனல், எல்இடி வாஷ் விளக்கு எட்டு. 2 மீ. × 1 மீ. பிளாட்ஃபார்ம்களும் தனி நாற்காலிகளும் உண்டு. 60 பேர் வரை அமரலாம். அரங்கு என் கையில் இருப்பது திங்கள் முதல் சனி வரை ஆறு நாள்தான். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று காட்சிகள் போட எண்ணம்.

ஆய்வுக் கேள்வி: பார்வையாளர் ஒரே பக்கம் அமரும்போதும், எதிரெதிராக இரு பக்கமும் அமரும்போதும் நடிகர்களின் பார்வையும் நகர்வும் எப்படி மாறுகின்றன? பார்வையாளரின் கவனம் எப்படி மாறுகிறது?

மூன்று காட்சிகளை எப்படிப் பிரிப்பது, ஒரே விளக்கமைப்பு இரண்டுக்கும் தாங்குமா, பதிவை எங்கிருந்து எடுப்பது, ஒப்புதல் படிவங்களை எப்படி அமைப்பது? இந்த நான்கும்தான் குழப்பமாக இருக்கின்றன.

ஆய்வுமேசை

நான்கு கேள்விகளுக்கும் முன்னால் ஐந்தாவது ஒன்று இருக்கிறது. இருக்கை அமைப்பு மாறும்போது பிளாக்கிங் (நடிகர் எங்கே நிற்பது, எப்போது எங்கே நகர்வது என்ற ஏற்பாடு) மாறலாமா, கூடாதா?

இரண்டு அமைப்பிலும் நகர்வுகள் அப்படியே இருக்க வேண்டும் என்று கட்டிவிட்டால், நடிகர்கள் என்ன மாற்றிக்கொண்டார்கள் என்று ஆராய எதுவும் மிஞ்சாது, பார்வையாளரைத்தான் ஆராயலாம். நடிகர்கள் அவரவர் உணர்வுக்கேற்ப மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டால், வியாழக்கிழமை பார்வையாளரும் வெள்ளிக்கிழமை பார்வையாளரும் பார்த்தவை வெவ்வேறு நிகழ்வுகள் ஆகிவிடும். கவனம் மாறியதற்குக் காரணம் இருக்கையா, மாறிய நகர்வா என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது. உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று கெடுக்கின்றன. ஒன்றை இப்போதே கைவிடுங்கள். நடிகர்களை வைத்துக்கொள்வது நல்லது என்பேன். ஆறு பேரை 9 வாரம் அருகிருந்து பார்க்க முடியும். பார்வையாளரிடம் கிடைப்பது ஒரு மாலை, ஒரு பக்கக் கேள்வித்தாள், அவ்வளவே.

அடுத்து, மூன்று காட்சி போதாது. இரண்டு அமைப்பை மூன்று நாளில் வைத்தால் ஒன்று இரண்டு முறையும் மற்றது ஒரு முறையும் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், நடிகர்கள் ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் இலகுவாகிக்கொண்டே போவார்கள். முதலில் ஒருபக்கம், பிறகு இருபக்கம் என்று வரிசைப்படுத்தினால் பின்னது எப்போதும் 'சுதந்திரமாக' தெரியும். அது இருக்கையின் விளைவா, மூன்றாம் நாளின் விளைவா? சனிக்கிழமை பகல் காட்சி ஒன்றைச் சேர்த்து நான்காக்குங்கள். வரிசை: ஒருபக்கம், இருபக்கம், இருபக்கம், ஒருபக்கம். 1 கூட்டல் 4, 2 கூட்டல் 3, இரண்டும் 5. பழக்கத்தால் வரும் முன்னேற்றம் சீராக ஏறினால் இரண்டு அமைப்புக்கும் சமமாகப் பங்கு போகும். பகல் காட்சி இருபக்கத்துக்கு மட்டுமே விழுகிறது என்ற குறை இருக்கும். அதை ஆய்வேட்டின் வரம்புகள் பகுதியில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இருக்கை எண்ணிக்கையும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். 60 பேர் ஒரு நாள், 35 பேர் மறுநாள் என்றால் நடிகர்களின் குரலும் வேகமும் அதனாலேயே மாறும்.

திரைக்குப்பின்

இருக்கைக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். முக்கியமான ஒன்று: நடிக்கும் பரப்பும் இரண்டு அமைப்பிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பார்வையாளரை 12 மீ. நீளச் சுவர்களை ஒட்டி எதிரெதிராக வைத்தால் நடுவில் 3 மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஒரு சந்துதான் மிஞ்சும். பிறகு நீங்கள் அளப்பது சந்தில் நடிப்பதன் விளைவைத்தான். 9 மீ. சுவர்கள் இருக்கும் இரு முனைகளிலும் வையுங்கள்.

வரிசைக்கு 12 நாற்காலி, ஒன்றுக்கு 50 செ.மீ., ஆக 6 மீ.; அதாவது மூன்று பிளாட்ஃபார்ம் நீளம். இரு ஓரமும் ஒன்றரை மீட்டர் நடைபாதை கிடைக்கும். வரிசை ஆழம் 1 மீ.

இருபக்க அமைப்பு: ஒவ்வொரு முனையிலும் பின்னால் 1.2 மீ. வழி, அடுத்து இரண்டு வரிசை. முன்வரிசையின் விளிம்பு சுவரிலிருந்து 3.2 மீட்டரில் வரும். 40 செ.மீ. விட்டு நடிப்புச் செவ்வகம் தொடங்கட்டும்: 3.6 மீ. முதல் 8.4 மீ. வரை, அதாவது 4.8 மீ. ஆழம், அகலம் 7.2 மீ.

ஒருபக்க அமைப்பு: பின்வழி 1.6 மீ., நான்கு வரிசை, முன்விளிம்பு 5.6 மீட்டரில். அதே 40 செ.மீ. இடைவெளி. செவ்வகம் 6.0 முதல் 10.8 வரை. பின்னால் 1.2 மீ. மிஞ்சும்; கருப்புத் துணி தொங்கவிட்டால் நடிகர்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக அது போதும்.

இரண்டிலும் 48 பேர், ஒரே செவ்வகம், முதல் வரிசைக்கு ஒரே தூரம். செவ்வகம் மட்டும் 2.4 மீ. நகர்கிறது. இந்த எண்ணை வேண்டுமென்றே தேர்ந்தேன்; ஏனென்று ஒளிக்காரர் சொல்வார். வரைபடத்தை 1:50இல் வரைந்து, வெளியேறும் வழி, நடைபாதை அகலம், ஒரு வரிசையில் எத்தனை இருக்கை என்பதையெல்லாம் அரங்கப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் வேறு அகலம் கேட்டால் செவ்வகத்தைக் குறையுங்கள், வழியைக் குறைக்காதீர்கள்.

சரிசெய்ய முடியாத வேறுபாடு ஒன்று உண்டு. ஒருபக்கத்தில் பின்வரிசைகள் 20, 40, 60 செ.மீ. உயர வேண்டும், இல்லாவிட்டால் நான்காம் வரிசைக்கு நடிகரின் தலை மட்டும்தான் தெரியும். இருபக்கத்தில் இரண்டாம் வரிசைக்கு 20 செ.மீ. போதும். உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீ. என்று வைத்தால், நான்காம் வரிசையின் கண் 1.8 மீட்டரில், நின்றுகொண்டிருக்கும் நடிகரின் கண்ணுக்கு மேலே. ஆகவே ஒருபக்கக் காட்சியில் நடிகர்கள் சற்று நிமிர்ந்து பார்ப்பார்கள். இதைக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிட வேண்டாம்.

ஆறு நாளுக்கான திட்டம்:

திங்கள்: விளக்குகளைத் தொங்கவிடுவது, கேபிள், ஃபோகஸ். தரையில் டேப்: செவ்வகங்களுக்கு இரண்டு நிறம், இருக்கை விளிம்புக்கு மூன்றாவது நிறம்.
செவ்வாய்: காலை ஒருபக்க இருக்கை, ஒளி அளவுகள். பிற்பகல் இருபக்கமாக மாற்றும் பயிற்சி, கடிகாரத்தோடு. அதன் ஒளி அளவுகள்.
புதன்: காலை இருபக்கத்தில் கியூவிலிருந்து கியூவுக்கு (ஒளி, ஒலி மாறும் இடங்களை மட்டும் தொட்டு) ஓட்டம். மதியம் ஒருபக்கமாக மாற்றி அதே ஓட்டம். மாலை முழு உடை ஒத்திகை.
வியாழன் மாலை: காட்சி. முடிந்ததும் இருபக்கமாக மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு.
வெள்ளி: பிற்பகல் இருபக்கத்துக்கான உடை ஒத்திகை, மாலை காட்சி.
சனி: பிற்பகல் 2 மணிக்கு இருபக்கம். 3 மணிக்கு மாற்றத் தொடங்கினால் 4.30க்குள் முடியும், அரை மணி விளக்குச் சோதனை, மாலை 7 மணிக்கு ஒருபக்கம்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியைத் தவிர்த்தால் சனிக்கிழமை மாலைக் காட்சி தாமதமாகத் தொடங்கும். களைத்த நடிகர்கள், காத்திருந்து சலித்த பார்வையாளர்கள். அந்தக் காட்சியின் தரவை நம்ப முடியாது.

ஒளிப்பலகை

2.4 மீட்டர் ஏன்னு புரிஞ்சுது. 7.2 × 4.8 செவ்வகத்தை 2.4 மீ. கட்டங்களா பிரிச்சா குறுக்கே மூணு, ஆழத்துல ரெண்டு, ஆறு ஏரியா. செவ்வகம் சரியா ஒரு கட்டம் நகருது. அதனால ஆழத்துல மூணு வரிசை, மொத்தம் ஒன்பது ஏரியா போட்டுட்டா இருபக்கத்துக்கு 1, 2ஆம் வரிசை, ஒருபக்கத்துக்கு 2, 3ஆம் வரிசை. ஒரு விளக்கைக்கூடத் தொட்டுத் திருப்ப வேண்டாம். ஏரியாவுக்கு எதிரெதிர் மூலையிலேருந்து ரெண்டு விளக்குன்னா 18 சேனல். மிச்சம் ஆறு சேனல் பக்க ஒளிக்கு. எல்இடியில நாலை ஒருபக்கக் காட்சிக்கு முன் நிரப்பொளியா வைங்க, இல்லேன்னா எதிர்மூலை அமைப்புல முகத்துல பாதி இருட்டா இருக்கும். மீதி நாலு பின்னணி நிறத்துக்கு.

பிரச்சினை இருபக்கத்துலதான். அங்க ஒருத்தரோட முன்னொளி எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவங்களுக்குக் கண்கூச்சம். குழாய் 4.8 மீ., நடிகர் தலை 1.65ன்னு வச்சுக்கோங்க. 45 பாகையில விளக்கு வச்சா தலையைத் தாண்டுற கதிர் 1.65 மீ. தள்ளித் தரையில விழும். செவ்வக விளிம்புக்கும் முதல் வரிசைக்கும் இடைவெளி வெறும் 40 செ.மீ.; கதிர் நேரா முதல் வரிசை முகத்துல போய் நிக்கும். 60 பாகைக்கு நிமிர்த்தினா 95 செ.மீ. தள்ளி விழும். குறையுது, ஆனா தீரலை. பார்ன்டோரை (விளக்கு முன்னாடி இருக்கிற மடக்குத் தகடு) மூடிச் செவ்வகக் கோட்டோட ஒளியை வெட்டலாமேன்னு தோணும். வெட்டினா விளிம்புல நிக்கிற ஆளோட இடுப்பு வரைக்கும் வெளிச்சம், முகம் இருட்டு. ஏன்னா முகத்துக்கு வர்ற கதிர் கோட்டுக்கு வெளியிலதான் தரையைத் தொடும்.

வழி ரெண்டு. பார்வையாளர் இல்லாத ரெண்டு பக்கத்துலேருந்து பக்க ஒளி கொடுங்க. அது யார் கண்ணுலயும் படாது. அந்த ஆறு சேனல் இதுக்குத்தான். ரெண்டாவது, முக்கியமான வசனங்கள் விளிம்புலேருந்து ஒரு மீட்டர் உள்ளே நடக்கட்டும். ஆனா இந்த விதியை ஒருபக்கத்துக்கும் சேர்த்துப் போடணும், இல்லேன்னா நகர்வு மாறினது நம்ம விளக்காலதான்னு ஆயிடும்.

ரெண்டு அமைப்புலயும் ஒளி அளவு சமமான்னு கண்ணால தீர்மானிக்காதீங்க. லக்ஸ் மீட்டரை 1.6 மீ. உயரத்துல பிடிச்சு, ஆறு ஏரியா நடுவுலயும், பார்வையாளரை நோக்கி ஒரு அளவு எடுங்க. இருபக்கத்துல ரெண்டு திசைக்கும். அட்டவணையா எழுதி வச்சா ஆய்வேட்டுக்கும் ஆகும். ஜெல் (விளக்கு முன்னாடி மாட்டுற நிறத்தாள்) நிறம் ரெண்டுலயும் ஒண்ணே.

கன்சோல்ல (விளக்குகளை இயக்குற பலகை) ஒரே ஷோ ஃபைல்ல ரெண்டு கியூ லிஸ்ட் போடுங்க. ரெண்டுலயும் கியூ எண் ஒண்ணா இருக்கணும். 5, 10, 15ன்னு இடைவெளி விட்டு எண் கொடுத்தா நடுவுல புதுசு சேர்த்தாலும் பிராம்ப்ட் புக்கை (நகர்வும் கியூவும் குறிச்ச, மேடை மேலாளரோட பிரதி) அழிச்சு எழுத வேண்டாம். காட்சிக்கு முன்னாடி எந்த லிஸ்ட் ஓடுதுன்னு மேடை மேலாளர் வாய்விட்டுக் கேட்கணும், ஆபரேட்டர் வாய்விட்டுச் சொல்லணும். தப்பான லிஸ்ட்டோட ஆரம்பிச்சா முதல் கியூவுலயே நடிகர்கள் ஒரு வரிசை தள்ளி இருட்டுல நிப்பாங்க.

எல்இடிக்குப் போற டிஎம்எக்ஸ் லைன்ல (கன்சோலோட கட்டளை போற கேபிள்) கடைசி விளக்குல 120 ஓம் டெர்மினேட்டர் மாட்டுங்க. மைக் கேபிளை டிஎம்எக்ஸுக்குப் போடாதீங்க. அஞ்சு நிமிஷம் ஓடும், அப்புறம் காட்சி நடுவுல விளக்கு துடிக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் பாதுகாப்புச் சங்கிலி. இதுல பேச்சே கிடையாது.

அரங்காய்வு_மாணவி

மிக்க நன்றி. நடிகர்களை மட்டும் ஆராய்வது என்று முடிவு செய்கிறேன்; பார்வையாளர் கேள்வித்தாளை விட்டுவிடுகிறேன். பதிவுக்கு மூன்று கேமரா கிடைக்கும். நடிகர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதை ஐந்து நொடிக்கு ஒருமுறை குறித்தால் போதுமா?

மூன்றாம்கண்

முதலில், கேமராவில் தெரிவது பார்வை இல்லை. 6 மீட்டர் தள்ளியிருந்து எடுக்கும் படத்தில் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றுதான் சொல்ல முடியும், கண்மணி தெரியாது. ஆய்வேட்டிலும் படிவத்திலும் 'தலைத்திருப்பம்' என்றே எழுதுங்கள். 'பார்வை' என்று எழுதிவிட்டுத் தலையை எண்ணினால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

கேமரா இடங்கள்: ஒன்று மேலே, குழாயிலிருந்து நேர் கீழ்நோக்கி. இது நகர்வுக்கு. மற்ற இரண்டும் இரு முனைகளில், பின்வரிசைக்கும் பின்னால், கால்தாங்கியில். ஒருபக்கக் காட்சியிலும் அதே இரண்டு முனை. ஒன்று முன்னிருந்து, மற்றது பின்துணியின் இடைவெளி வழியாக. இடம் மாறினால் ஒப்பிட முடியாது.

மேல்கேமராவில் பலரும் தவறுவது லென்ஸில். 4.7 மீ. உயரத்திலிருந்து 7.2 மீ. அகலத் தரை முழுதும் தெரிய 75 பாகை போதும். ஆனால் நின்றுகொண்டிருப்பவரின் தலை கேமராவுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் நெருக்கம். ஓரத்தில் நிற்பவரின் தலையும் சட்டத்துக்குள் வர ஏறத்தாழ 100 பாகை வேண்டும். தரையை மட்டும் பார்த்து லென்ஸ் தேர்ந்தால் ஓரத்து நடிகர்களின் கால் மட்டும் பதிவாகும். செவ்வகம் 2.4 மீ. நகர்வதால் மேல்கேமராவுக்கு இரண்டு மாட்டுமிடம் தேவை. குழாயில் இரண்டையும் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். இதற்கும் பாதுகாப்புச் சங்கிலி உண்டு.

எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெண்சமநிலை மூன்றையும் கைமுறையில் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் ஒளி மங்கும்போது கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிடும். முகம் வெளுத்துத் தலைத்திருப்பம் குறிக்க முடியாமல் போகும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஷட்டர் 1/50, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60. எல்இடி விளக்குகளை 10, 20 சதவீத அளவுக்கு இறக்கிப் பார்த்துச் சோதியுங்கள். முழு வெளிச்சத்தில் தெரியாத பட்டைகள் அங்கேதான் தெரியும். ஒலி தனிக் கருவியில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உரத்த வசனம் கழித்தல் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். இரண்டாவது எதற்கென்றால், ஒரு மணி நேரத்தில் கருவிகளின் கடிகாரங்கள் சற்று விலகும். எவ்வளவு என்று அது காட்டிவிடும்.

50 மெகாபிட் வேகத்தில் ஒரு மணிநேரம் சுமார் 22 ஜிகாபைட். மூன்று கேமரா, நான்கு காட்சி, முன்பின் நேரத்தோடு 300 ஜிகாபைட் வரும். இரண்டு வட்டில், இரண்டு இடத்தில். அன்றன்று இரவே நகலெடுத்து, திறந்து ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும்.

ஐந்து நொடிக் கணக்கு: 55 நிமிடத்தில் 660 புள்ளி, ஆறு நடிகர், நான்கு காட்சி, மொத்தம் 15,840. ஒரு ஆள் செய்து முடிக்கிற காரியமில்லை. மூன்று மூன்று நிமிடமாக மூன்று காட்சிப்பகுதிகளை இப்போதே, ஒத்திகை தொடங்கும் முன்பே, தேர்ந்து எழுதி வையுங்கள். சராசரியாக மூவர் மேடையில் இருந்தால் 1,296 புள்ளிதான். காணொளியைப் பார்த்த பிறகு 'சுவையான' பகுதிகளைத் தேர்ந்தால் முடிவையும் நீங்களே தேர்ந்தது போலாகும். குறிப்பதற்கு ஈலான் மென்பொருள் இலவசம். பல காணொளிகளை ஒருசேர ஓட்டிக் காலக்கோட்டில் குறிக்கலாம்.

ஆய்வுமேசை

மேலே சொன்னதற்கு இரண்டு சேர்க்கை.

திசையைப் பார்வையாளரை வைத்துக் குறிக்காதீர்கள், அறையை வைத்துக் குறியுங்கள். கட்டுப்பாட்டு அறைச் சுவர் 1, அதிலிருந்து 45 பாகைக்கு ஒன்றாக எட்டுத் திசை. பார்வையாளரை நோக்கியதா இல்லையா என்பதைப் பிறகு கணக்கிடலாம். அந்தக் கணக்கில்தான் ஒரு பொறி இருக்கிறது. ஒருபக்க அமைப்பில் எட்டில் மூன்று திசை பார்வையாளரை நோக்கியது. இருபக்கத்தில் எட்டில் ஆறு. நடிகர் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி நின்றாலும் இருபக்கத்தில் இரட்டிப்பு முறை பார்வையாளரை நோக்கியிருப்பார். ஆகவே 'இருபக்கத்தில் பார்வையாளரை நோக்குவது கூடியது' என்ற வரிக்குத் தனியாக மதிப்பில்லை. மூன்றுக்கும் ஆறுக்கும் உள்ள இந்த அடிப்படையைத் தாண்டி எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்று எழுதுங்கள். பெரும்பாலும் சுவையான விடை சகநடிகரை நோக்கும் நேரத்தில்தான் இருக்கும். அதற்கு இந்தக் கோளாறு கிடையாது.

ஐந்தில் ஒரு பங்கை, எது எந்தக் காட்சி என்று சொல்லாமல், இன்னொருவரிடம் கொடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். தற்செயலான ஒப்புமையைக் கழித்துக் காட்டும் கோஹனின் காப்பா 0.6க்குக் கீழே வந்தால் எட்டுத் திசையை நான்காகச் சுருக்குங்கள்.

ஒத்திகைக்கூடம்

இவ்வளவு எண்ணிக்கையும் காட்சி நாளைப் பற்றியதாகவே இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. காட்சிக்கு வரும்போது நடிகர்கள் எல்லாவற்றையும் தீர்மானித்து முடித்திருப்பார்கள். இருக்கை அமைப்பு அவர்களை எப்படி மாற்றியது என்பது ஐந்தாம் வாரத்தில், ஒரு நகர்வை முயன்று, வேண்டாம் என்று தள்ளும் அந்த நொடியில் நடக்கும். மேல்கேமரா அதைப் பார்ப்பதே இல்லை. 1923இல் பெர்லினில் நாடகவியலுக்குத் தனி நிறுவனம் அமைத்த மாக்ஸ் ஹெர்மன், ஆய்வுக்குரியது எழுதிய பிரதி அன்று, நிகழ்த்துதலே என்று வாதிட்டார். சரிதான். ஆனால் நிகழ்த்துதல் திரை விலகும்போது தொடங்குவதில்லை.

ஒத்திகைக் குறிப்பேடு வையுங்கள், நாட்குறிப்பு அல்ல. 'இன்று நல்ல ஒத்திகை' என்ற வரி எதற்கும் உதவாது. ஒவ்வொரு பதிவிலும் ஐந்து: பிரதியில் எந்த இடம், அன்று எந்த அமைப்பு, என்ன முயன்றீர்கள், எதை வைத்துக்கொண்டீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள். தள்ளியதற்கான காரணம் நடிகரின் சொல்லிலேயே, அன்றே எழுதப்பட வேண்டும். மறுநாள் எழுதினால் அது விளக்கமாக மாறிவிடும். எழுதுபவர் இயக்குநராக இருக்கக் கூடாது. துணை மேடை மேலாளர் பிராம்ப்ட் புக்கின் எதிர்ப்பக்கத்திலேயே எழுதலாம்.

இரண்டு அமைப்பையும் எப்போது கொண்டுவருகிறீர்கள் என்பதும் முக்கியம். ஆறு வாரம் ஒருபக்கமாக ஒத்திகை பார்த்துவிட்டுக் கடைசியில் இருபக்கத்துக்கு மாற்றினால், இருபக்கம் என்பது ஒட்டுப்போட்ட பதிப்பாகவே இருக்கும். முதல் மூன்று வாரம் 'முன்பக்கம்' என்ற ஒன்றே இல்லாமல்: இயக்குநர் ஒவ்வொரு நாளும் வேறு சுவரோரம் உட்காரட்டும். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் இயக்குநர் உட்காரும் பக்கம்தான் நடிகருக்கு முன்பக்கம். நான்காம் வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். ஒத்திகை அறையில் 48 நாற்காலி வேண்டாம்; இருக்கை விளிம்புக்கு டேப், வரிசைக்கு மூன்று நாற்காலி போதும். இருபக்க நாளில் எதிர்ப்பக்கம் ஒருவராவது உட்கார்ந்தே ஆக வேண்டும். காலி நாற்காலியை நடிகர்கள் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று. மாணவி பார்வையாளர் பாதியை முழுதாகக் கைவிட்டதும் அவசியமில்லை. தேர்ந்தெடுக்கும் மூன்று பகுதிகளில் ஒன்றின் பிளாக்கிங்கை மட்டும் அடிகள் வரை கட்டி, இரண்டு அமைப்பிலும் அப்படியே நடத்தலாம். மற்ற இரண்டும் திறந்தபடி. கட்டிய பகுதி ஓர் அளவுகோலாக நிற்கும்: அங்கேயும் தலைத்திருப்பம் மாறினால், கால்கள் கட்டுண்டிருக்கும்போதும் இருக்கை வேலை செய்கிறது என்று பொருள்.

ஆய்வுமேசை

கட்டிய பகுதி யோசனை மிக நல்லது, ஏற்கிறேன். அந்தப் பகுதியைப் பார்வையாளர் கேள்விக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். அதற்குள் வரும் மூன்று நிமிடத்தை 55 நிமிடத்திலிருந்து பிரித்து அவர்களால் நினைவுகூர முடியாது. குறிப்பேடும் எண்ணிக்கையும் எதிரிகள் அல்ல. எண்ணிக்கை எங்கே மாறியது என்று காட்டும், ஏன் என்பதற்குக் குறிப்பேட்டைப் புரட்ட வேண்டும். பக்க எண்ணும் காட்சிப்பகுதி எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் அது நடக்கும்.

இனி ஒப்புதல். குறிப்பேடு தரவு என்றால் ஒத்திகையே தரவு சேகரிப்பு. ஆகவே அறநெறிக் குழுவின் அனுமதி முதல் ஒத்திகைக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும், காட்சிக்கு முன்னால் அல்ல. பின்தேதியிட்ட அனுமதி எந்தக் குழுவும் தராது. அதுவரை எழுதிய பக்கங்களை ஆய்வேட்டில் சேர்க்க முடியாமல் போகும்.

நடிகர்களுக்கு இரண்டு தனிப் படிவம்: நாடகத்தில் நடிக்க ஒன்று, ஆய்வில் பங்கேற்க ஒன்று. இந்தத் தயாரிப்புக்கு அவர்களில் யாருக்காவது மதிப்பெண் உண்டென்றால், ஆய்வுப் படிவத்தை இயக்குநரோ மதிப்பிடும் ஆசிரியரோ வாங்கக் கூடாது. நாடகத்தில் இருந்துகொண்டே ஆய்விலிருந்து விலகலாம் என்பது எழுத்தில் இருக்கட்டும். ஒருவர் விலகினால் எதை நீக்குவீர்கள் என்பதையும் எழுதுங்கள். குழுக் காணொளியிலிருந்து ஒருவரை அழிக்க முடியாது. ஆனால் அவருடைய தலைத்திருப்பப் புள்ளிகளையும் குறிப்பேட்டில் அவர் சொன்னவற்றையும் நீக்கலாம், அவர் இருக்கும் நிழற்படத்தைத் தவிர்க்கலாம். விலகுவதற்கான கடைசித் தேதியும் வேண்டும்.

நிகழ்த்தும் உரிமையும் பதிவு செய்யும் உரிமையும் வேறு வேறு. எத்தனை காட்சிக்கு அனுமதி என்பதில் நான்காவதைச் சேர்க்க மறக்காதீர்கள். ஆய்வேடு இணையக் களஞ்சியத்தில் ஏறும் என்றால் வசன மேற்கோளுக்கும் படத்துக்கும் தனியாகக் கேளுங்கள்.

அரங்காய்வு_மாணவி

பார்வையாளரிடம் தரவு எடுக்கவில்லை என்றால் அவர்களுக்குப் படிவம் வேண்டாம்தானே? இருக்கை மாற்றத்துக்கு எத்தனை பேர் தேவை?

மூன்றாம்கண்

ஒருபக்கத்தில் முன்கேமராவில் தெரிவது பார்வையாளரின் பின்தலைகள். இருபக்கத்தில் ஒவ்வொரு கேமராவிலும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்த 24 பேரின் முகம் தெரியும். 'இந்தப் பகுதியில் உட்கார்ந்தால் பதிவாக மாட்டீர்கள்' என்று ஒதுக்க அங்கே இடமே இல்லை. எனவே நுழைவுச்சீட்டிலும் வாசலிலும் அறிவிப்பு. முகம் பதிவாக விரும்பாதவர்களுக்குப் புதன் மாலை உடை ஒத்திகையைக் கேமரா இல்லாமல் திறந்துவிடுங்கள். ஆய்வேட்டில் போடும் படங்களில் எதிர்ப்பக்கத்தை மங்கலாக்குங்கள். கேமராவைக் கொஞ்சம் உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய்த்தால், முதல் வரிசையின் முழங்காலோடு சட்டம் முடியும். நடிகரின் தலை வெட்டுப்படாமல் எவ்வளவு சாய்க்கலாம் என்று செவ்வாய்க்கிழமையே பாருங்கள்.

திரைக்குப்பின்

ஆறு பேர், நடிகர்கள் தவிர. சனிக்கிழமை நடிகர்களை நாற்காலி தூக்க விடாதீர்கள்.

ஒருபக்கத்துக்கு ஒன்பது பிளாட்ஃபார்ம்: மூன்று 20 செ.மீ., மூன்று 40, மூன்று 60. இருபக்கத்துக்கு ஆறு, எல்லாம் 20 செ.மீ. அதாவது மூன்று பிளாட்ஃபார்மின் கால்களை மாற்ற வேண்டும்: பன்னிரண்டு கால். நேரம் போவது இதில்தான். 20 செ.மீ. கால்கள் உபரியாக இருந்து, மொத்தம் பன்னிரண்டு பிளாட்ஃபார்ம் கிடைக்குமானால் கால் மாற்றவே வேண்டாம்; 40, 60 செ.மீ. உள்ளவற்றை அப்படியே துணிக்குப் பின்னால் நிறுத்திவையுங்கள், வழியை மட்டும் அடைக்காமல். கால்களுக்கு உயரத்தின்படி நிற டேப். ஒரு கால் மட்டும் மாறிப் பொருத்தப்பட்டால் பிளாட்ஃபார்ம் ஆடும். யாராவது உட்கார்ந்த பிறகுதான் தெரியவரும்.

வரிசை: நாற்காலிகள் வெளியே, கைப்பிடிக் கம்பி கழற்றல், உயரமானதிலிருந்து தாழ்ந்தது வரை பிளாட்ஃபார்ம் அகற்றல், டேப் பார்த்துப் புதிய இடம், பூட்டு, ஒருவர் ஏறி நடந்து சோதனை, பிறகு நாற்காலி. 60 செ.மீ. வரிசையின் பின்விளிம்பிலும் இரு ஓரங்களிலும் கம்பி மாட்டிய பிறகுதான் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும். பிளாட்ஃபார்ம்களுக்கு அடியில் ஓடும் கேபிள்களைத் திங்களன்றே சுவரோரமாக இழுத்துவிடுங்கள். மாற்றும்போது நசுங்குவது அவைதான். மேல்கேமராவை இடம் மாற்ற ஏணி வேண்டும், ஏணிக்குத் தரை காலியாக இருக்க வேண்டும். ஆகவே பழைய பிளாட்ஃபார்ம்கள் போன பிறகு, புதியவை வருவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.